வண்டி வந்து சேரும்வரை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தீயணைப்புச் சேவையும் ஊராரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாகரை ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் 40 கிலோமீற்றருக்கு மேல். தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடும் தீயணைப்பு வண்டி, என்னதான் சைரனைப் போட்டுக்கொண்டு விரைந்தாலும், இந்தத் தூரத்துக்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். மெத்தையும் திரைச்சீலையும் பிளாஸ்ரிக் கதிரையும் நிறைந்த இன்றைய வீட்டு அறையொன்றில் நெருப்புப் பிடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் எரியத் தொடங்கிவிடலாம். கிடுகுக் கூரைக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

ஆகவே நம் பகுதியின் பெரும்பாலான கிராமங்களில் ஒரு வீட்டைக் காப்பாற்றுவதா இழப்பதா என்பது வண்டி வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த முதல் நிமிடங்களில் அங்கே நிற்பவர்கள் வீட்டாரும் பக்கத்து வளவுக்காரரும்தான். தீயணைப்பு வீரர்களின் அறிவு அவர்களிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. சேரவில்லை என்றால் வண்டி வந்து சாம்பலுக்குத்தான் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கும். உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வதைத் தீயணைப்புச் சேவையின் முதல் வேலைகளில் ஒன்றாக நான் கருதுவது இதனால்தான்.

இலங்கையில் தீயணைப்பு என்பது பொலிஸைப்போல நாடு முழுவதற்குமான ஒரே படையாக வளரவில்லை. அது உள்ளூராட்சி சபைகளின் கையில்தான் பெரிதும் இருக்கிறது. 2,854 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மட்டக்களப்பு மாவட்டத்தில் மாநகர சபை ஒன்றே ஒன்று. காத்தான்குடியும் ஏறாவூரும் நகர சபைகள், மற்றவை பிரதேச சபைகள். 4,415 சதுர கிலோமீற்றர் உள்ள அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, அக்கரைப்பற்று என இரண்டு மாநகர சபைகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து வாழ்ந்தவர்கள் 11 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் அதிகம். ஆளும் வண்டியும் உள்ள தீயணைப்புப் பிரிவை நடத்தும் வசதி பெரிய சபைகளுக்கே உண்டு. எல்லைக்கு வெளியே அழைப்பு வந்தாலும் அவர்கள் போகிறார்கள். மனிதாபிமானத்தோடு செய்யும் வேலை அது. ஆனால் ஒரு சபையின் வரிப்பணத்தில் ஓடும் வண்டிக்கு அடுத்த சபைப் பகுதிக்குப் போகும் எரிபொருளை யார் கொடுப்பது, அந்நேரம் தன் நகரத்தில் தீப்பிடித்தால் யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு நெருப்பு எரியும்போது பதில் தேட முடியாது. முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

தீயணைப்பின் பதிவேட்டில் இல்லாத தீ

எங்கே, எப்படி, யாருக்குத் தீ விபத்து நடக்கிறது என்று கேட்டால் தீயணைப்புப் பிரிவு தன் அழைப்புப் பதிவேட்டைத்தான் காட்ட முடியும். அந்தப் பதிவேட்டில் கடைகள் இருக்கும், களஞ்சியங்கள் இருக்கும், குப்பைமேடு இருக்கும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்த பிள்ளையும், சட்டையில் விளக்குத் திரி பற்றிய அம்மம்மாவும் அதில் இருக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை நூர்த்துவிட்டு ஆட்டோவில் ஏற்றி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு போயிருப்பார்கள். தீயணைப்புக்கு அழைப்பே போயிருக்காது. எரிகாயங்களின் உண்மையான வரைபடம் வைத்தியசாலை விடுதியில் இருக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. சத்திர சிகிச்சை நிபுணரான டாக்டர் விஜய கொடகும்புர, குப்பி விளக்கால் எரிந்து வருகிறவர்களைத் திரும்பத் திரும்பக் கண்டார். வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு தட்டுப்பட்டால் விழும், விழுந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் சிந்தும். மார்மைற் போத்தலின் குட்டையான வடிவத்தை அடியொற்றி அவர் ஒரு விளக்கை அமைத்தார். கனமான கண்ணாடி, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, முறுக்கி இறுக்கும் உலோக மூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு வண்டியோ ஒரு குழாயோ இல்லாமல், வைத்தியசாலைக் கட்டிலில் கண்டதை வீட்டு மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த தீத்தடுப்பு அது.

இங்கிலாந்தில் இதே வழியை அரச முறையாகவே ஆக்கிவிட்டார்கள். தீ விபத்துத் தடுப்பை ஊக்குவிப்பது தீயணைப்புச் சேவையின் சட்டக் கடமை என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மெர்சிசைட் போன்ற இடங்களில் வீரர்கள் வீடு வீடாகப் போய்ப் புகை எச்சரிக்கைக் கருவி பூட்டினார்கள். பிறகு சுகாதார சேவையோடு உடன்பாடு செய்து, 65 வயதைக் கடந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற விபரத்தைப் பெற்று, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு முதலில் போகிறார்கள். நம் வீடுகளுக்குப் புகைக் கருவி எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கதை. விறகு அடுப்புப் புகை வீடு முழுக்கச் சுற்றும் இடத்தில் அது நாள் முழுக்க அலறும், மூன்றாம் நாள் வீட்டார் கழற்றி வைத்துவிடுவார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியைக் காட்டிலும் அந்த வீட்டுப் போக்குவரத்தைத்தான்.

அந்தப் போக்குவரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். குடும்பநலச் சுகாதார உத்தியோகத்தர், ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் மிட்வைஃப். கைக்குழந்தை உள்ள வீடு ஒவ்வொன்றுக்குள்ளும் போகிறவர் அவர். அடுப்பு நிலத்தில் இருக்கிறதா, தவழும் பிள்ளைக்கு எட்டுகிறதா, தேநீர்க் கேத்தலின் வயர் தொங்குகிறதா என்பது அவர் கண்ணில் படும். ஒரு குசினிக்குள் சீருடை போட்ட தீயணைப்பு வீரர் போனால் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். மிட்வைஃப் போனால் பாயைப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அவர் சொல்லும் ஒரு வார்த்தை, எரிந்த இடத்தில் பற்பசையோ முட்டை வெள்ளையோ பூசாமல் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும் என்பது, ஒரு பிள்ளையின் கையைக் காப்பாற்றும். தீயணைப்புப் பிரிவு அவர்களுக்கு வருடத்தில் அரை நாள் பயிற்சி கொடுத்தால் போதும். பெரிய செலவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் மாநகர சபையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சிலிண்டர் கொண்டுவரும் பையன்

2021 கடைசி மாதங்களில் நாடு முழுவதும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தன. சிலிண்டரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சமைத்தவர்கள் பலர். எரிவாயுவில் புரொப்பேன், பியூட்டேன் கலக்கும் அளவு மாறியது பற்றி அப்போது பெரிய விவாதம் எழுந்தது, விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எரிபொருள் நெருக்கடி. போத்தலிலும் கானிலும் பெற்றோலை அறைக்குள் சேமித்து வைத்து அதற்குப் பக்கத்திலேயே விளக்கேற்றிய காலம். இரண்டு முறையும் மக்களுக்கு வேண்டியிருந்தது நம்பத்தகுந்த ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்வது.

எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு படர்ந்து அடுப்புத் திட்டுக்குக் கீழும் கதவிடுக்கிலும் தங்கும். வாசனை வந்ததும் லைட்டைப் போட்டுப் பார்ப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும், அந்தச் சுவிட்சின் சிறு பொறியே போதும். செய்ய வேண்டியது வேறு: சிலிண்டரை மூடு, கதவு யன்னலைத் திற, எந்தச் சுவிட்சிலும் கை வைக்காமல் வெளியே வா.

கடையிலிருந்து சிலிண்டர் கொண்டுவரும் பையனைப் பாருங்கள். பிளாஸ்ரிக் மூடியை இழுத்துக் கழற்றுகிறான், ரெகுலேட்டரை வைத்து அழுத்துகிறான், அடுப்பை ஒருமுறை பற்றவைத்துக் காட்டிவிட்டு வெற்றுச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுகிறான். அந்த ஒரு நிமிடத்தில் இன்னொரு அரை நிமிடம் கூட்டினால், வாயில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்க்கலாம், சவர்க்கார நுரையைத் தொட்டு மூட்டில் பூசலாம். நுரை குமிழ் விட்டால் கசிவு. குழாய் விறைத்துப் போயிருந்தால் மாற்றச் சொல்லலாம். வீட்டுக் குசினிக்குள் அடிக்கடி போகும் வெளியாள் இந்தப் பையன். எரிவாயு முகவர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய பையன்களுக்குத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு நாள் காட்டிக் கொடுத்தால், அது ஆயிரம் துண்டுப்பிரசுரத்தைவிட ஆழமாகப் போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதையும் அவனே சொல்லலாம். மூடியால் மூடி அடுப்பை நிறுத்தினால் தானாக நூரும்.

ஒழுங்கையும் ஒலிபெருக்கியும்

காத்தான்குடி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை. இந்த ஊர்களின் ஒழுங்கைகளில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். மேலே கேபிள் வயரும் கரண்ட் வயரும் தாழ்ந்து தொங்கும். தீயணைப்பு வண்டி பிரதான வீதியில்தான் நிற்கும், அங்கிருந்து குழாய் போக வேண்டும். எத்தனை குழாய்த் துண்டு தேவை, எந்த வளவுக்குள்ளால் குறுக்கே போகலாம், பக்கத்துக் கிணறு எங்கே என்பதெல்லாம் தீ இல்லாத நாளில் பார்த்து வைக்க வேண்டிய விடயம். கிராம உத்தியோகத்தரையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒருவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு காலை வேளை வண்டியை ஓட்டிப் பார்த்தால், எந்த முடக்கில் திரும்பாது என்று உடனே தெரிந்துவிடும். கரையோர மணலில் தண்ணீர் ஆழத்தில் இல்லை, கிணற்றுக்குப் பஞ்சமும் இல்லை. அதில் போட ஒரு பம்ப் ஊருக்குள் இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

அழைப்பு எடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஒருவர் "புதுக்குடியிருப்பில நெருப்பு, கெதியா வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்தப் பெயரில் ஊர்களும் குடியிருப்புகளும் பல. "பள்ளிக்குப் பக்கத்தில" என்றால் எந்தப் பள்ளி? மறுமுனையில் இருப்பவர் திரும்ப எடுத்தால் லைன் பிஸி. இரண்டு நிமிடம் போய்விட்டது. தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119, அம்புலன்சுக்கு 1990 என்பவற்றோடு, உங்கள் பகுதிக்கு வரக்கூடிய தீயணைப்பு நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள். கூடவே உங்கள் வீட்டு விலாசத்தையும் பெரிய அடையாளம் ஒன்றையும் எழுதுங்கள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொந்த விலாசமே நாக்கில் வராது.

ஊரைக் கூட்டுவதற்குப் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளைவிட வேகமான வழி நம் பகுதியில் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கிராம மட்டக் குழுக்கள் அமைக்கப்பட்டன. முன்னெச்சரிக்கைக்கு ஒரு உபகுழு, மீட்புக்கு ஒன்று, முதலுதவிக்கு ஒன்று என்று அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழுக்களின் சிந்தனை வெள்ளத்தையும் புயலையும் கடலையும் சுற்றியே போகிறது. அது இயல்புதான், 1978 சூறாவளியைக் கண்டவர்கள் நாங்கள். அதே ஆட்களுக்கே தீ பற்றியும் கற்பித்தால் புதிதாக ஒரு அமைப்பு தேவையில்லை. இன்னொரு சங்கம், இன்னொரு தலைவர் தெரிவு, இன்னொரு பதாகை என்று போகாமல் இருப்பதே பெரிய உதவி.

திருவிழாக் காலம் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் என்று பெரும் சனம் கூடும் இடங்களில் கோயில் பரிபாலன சபைக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். கிடுகுப் பந்தல், ஜெனரேட்டர், தற்காலிக வயரிங், அன்னதான அடுப்பு எல்லாம் ஒரே வளவுக்குள். வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதோடு முடித்துவிடாமல், பந்தல் போடும் நாளிலேயே தீயணைப்புப் பிரிவு வந்து, அடுப்பைப் பந்தலுக்குக் காற்று அடிக்காத பக்கம் தள்ளி வையுங்கள், இந்த வழியை அடைக்காதீர்கள் என்று சொன்னால் தொண்டர்கள் அதை அடுத்த வருடமும் நினைவில் வைத்துச் செய்வார்கள்.

கடைத்தெருவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கடைக்கு மேல்மாடியில் வேலைப் பையன்களைத் தங்க வைத்துவிட்டு ஷட்டரை வெளியிலிருந்து பூட்டும் பழக்கம் எங்கே இருந்தாலும் வர்த்தக சங்கங்கள் அதை நிறுத்த வேண்டும். அதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

கச்சான் காற்றும் வட்டையும்

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று. புல் காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கும். சிறுபோக அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஆனால் உக்கும்வரை காத்திருக்க நேரமும் உழுது புரட்டப் பணமும் இல்லாத விவசாயிக்கு ஒரு தீக்குச்சி மலிவு. அவரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகாது. வைக்கும் நெருப்பு வரம்பு தாண்டி மேய்ச்சல் தரைக்கும், அங்கிருந்து பட்டிக்கும் வாடிக்கும் தாவாமல் பார்ப்பதே உடனடி வேலை.

படுவான்கரைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி எல்லாம் வாவிக்கு மேற்கே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் பாதை எனும் மிதவைப் படகில்தான் கடந்தார்கள். இன்று வண்டி பாலத்தால் போகலாம், ஆனால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கினால் மண் வீதி, அதற்கப்பால் வரம்பு. அங்கே நெருப்பை நூர்க்கக் கூடியவை உழவு இயந்திரமும், வாய்க்காலில் போடும் தண்ணீர்ப் பம்பும், பச்சைக் கொப்பு ஏந்திய மனிதர்களும்தான். வட்டையின் ஓரத்தில் சில அடி அகலத்துக்கு உழுது வெறும் நிலமாக்கிவிட்டால் தீ அதைத் தாண்டுவது கடினம். காற்று விழுந்த பிறகு மாலையில் கொளுத்துவது, காற்றுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து பற்றவைப்பது, அயல் வயல்காரருக்குச் சொல்லி வைப்பது ஆகியவை பழைய விவசாயிகளுக்குத் தெரிந்தவைதான். குத்தகைக்கு எடுத்துப் போகம் முடிந்ததும் போய்விடுகிறவர்களுக்கு யார் சொல்வது? வட்டவிதானை சொல்லலாம். தண்ணீர் பிரித்துக் கொடுப்பவரின் சொல்லை வட்டையில் யாரும் தட்ட மாட்டார்கள்.

யானைத் தொல்லை உள்ள கிராமங்களில் யானை வெடிகளும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பதை வனஜீவராசிகள் உத்தியோகத்தரும் தீயணைப்பும் சேர்ந்து ஒருமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குப்பைமேட்டுத் தீ இன்னொரு ரகம். திருப்பெருந்துறைக் குப்பைமேடு எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேலே தண்ணீர் அடித்தால் மேல்தான் நூரும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பெக்கோ இயந்திரத்தால் கிளறி, நனைத்து, மண்ணால் மூட வேண்டும். அதாவது இங்கே தீயணைப்புப் பிரிவின் கூட்டாளி அதே சபையின் கழிவகற்றல் பிரிவுதான். பற்றரியும் தேங்காய் மட்டையும் பொலித்தீனும் ஒரே பையில் போகும்வரை இந்தத் தீ திரும்பத் திரும்ப வரும்.

மாரி காலத்தில் அதே வீரர்கள் மீட்புப் பணிக்கும் இறங்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியால் போன உழவு இயந்திரம் அள்ளுண்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வீதியை எந்த மட்டத்தில் மூடுவது, யார் மூடுவது, தடையைப் போட்டுக்கொண்டு யார் நிற்பது என்பதை முன்கூட்டியே ஊரோடு சேர்ந்து முடிவு செய்வதுதான் மீட்புக்கும் முந்திய மீட்பு. இதைச் சொல்லும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

கடலிலும் இதே பாடம்தான். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நியூ டயமண்ட் என்ற கப்பல் ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படை, விமானப்படை, இந்தியக் கரையோரக் காவற்படை என்று பலரும் சேர்ந்துதான் அந்தத் தீயைக் கட்டுப்படுத்தினார்கள், எண்ணெய் நம் கரைக்கு வரவில்லை.

சரி, தடை எங்கே இருக்கிறது? பணம் ஒன்று. இன்னொன்று தொடர்ச்சி. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அன்றாட வேலை நடந்தது. ஆனால் பக்கத்துச் சபையோடு வண்டி உடன்பாடு செய்வது, பிரதேச சபையின் குடிநீர் பவுசருக்கு ஒரு பம்பும் குழாயும் வாங்கித் தீ அணைக்கவும் பயன்படுத்துவது போன்றவை அரசியல் முடிவும் தேவைப்படும் வேலைகள். வழக்கினால் அன்று தேர்தல் நடக்காத கல்முனை மாநகர சபை தவிர, மற்றச் சபைகளுக்கு அந்தத் தேர்தலில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். பவுசர் யோசனையைத்தான் நான் முதலில் வைப்பேன். கோடையில் குடிநீர் கொண்டுபோகும் அந்த வாகனத்துக்கு ஊரின் ஒவ்வொரு முடக்கும் தெரியும், அது நகரத்திலிருந்து புறப்பட வேண்டியதும் இல்லை. சாரதிக்கும் உதவியாளருக்கும் பயிற்சி கொடுத்தால் வாகரையிலும் வெல்லாவெளியிலும் பொத்துவிலிலும் முதலில் போய் நிற்பது அதுவாக இருக்கும்.

அதற்குக் காத்திருக்காமல் தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. சிறுபோக வேளாண்மைச் செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனம், கமநலம், காப்புறுதி, வங்கி என்று எல்லோரும் வந்து உட்காருகிறார்கள், விதைப்புத் திகதியும் தண்ணீர் விடும் திகதியும் அங்கே முடிவாகிறது. தீயணைப்பு அதிகாரி ஒருவருக்கு அந்த மேசையில் ஒரு கதிரை போட்டு, எந்த வட்டையில் எந்த வாரம் வைக்கோல் கொளுத்துவார்கள், பம்ப் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.